ஃபெத்தியேயில் ஒரு வாடகை அடுப்பு

வாடகை வீட்டுப் படங்களில் நான் முதலில் தேடியது அடுப்பைத்தான். கடல் தெரியும் பால்கனி, வெள்ளைச் சுவர், சாயங்கால வெளிச்சத்தில் எடுத்த படுக்கையறை எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே சமையலறைப் படம் வரும்வரை போவேன். அடுப்பு எத்தனை, எந்த மாதிரி, பக்கத்தில் பாத்திரம் இறக்கி வைக்க மேடை இருக்கிறதா, ஃப்ரிட்ஜ் முழு உயரமா, ஓட்டல் அறையில் இருக்கிற குட்டியா. சமையலறைப் படமே போடாத வீட்டை அதோடு விட்டுவிடுவேன். துருக்கியின் தென்மேற்குக் கடற்கரையில் இருக்கும் ஃபெத்தியேயில் குறைந்த செலவில் தங்க நான் போட்ட திட்டம் முழுவதும் அந்த அடுப்பை நம்பித்தான் இருந்தது. கம்பெனியில் கூட வேலை பார்ப்பவர்களும் சொந்தக்காரர்களும் கேட்டுக்கொண்டே இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

காலத்தை முடிவு செய்தது பாப்பாவின் காலாண்டு விடுமுறை. செப்டம்பர் கடைசியில் அது வரும். அதோடு கொஞ்சம் லீவு சேர்த்துக்கொண்டோம். துருக்கியில் பள்ளிகள் செப்டம்பர் நடுவிலேயே திறந்துவிடுகின்றன. உள்ளூர்க் குடும்பங்கள் ஊர் திரும்பிவிடுவதால் ஜூலை, ஆகஸ்ட் மாத வாடகை அப்போது இருக்காது. வெயிலும் தணிந்திருக்கும். ஆனால் கடல் கோடை முழுக்க வாங்கிய சூட்டை வைத்துக்கொண்டு அக்டோபரிலும் குளிக்கிற பதத்தில் இருக்கும். நவம்பர் வந்தால் மழைக்காலம், சீசனை நம்பும் கடைகள் மூடத் தொடங்கிவிடும்.

நமக்கு அது புரட்டாசி. எங்கள் அத்தை புரட்டாசி முழுவதும் கறி, மீன், முட்டை எதையும் தொட மாட்டார். அங்கே ஓட்டலில் பருப்பு சூப் என்று வாங்கினாலும் எலும்பு வேகவைத்த சாறு கலந்திருக்கலாம். கேட்டுக் கேட்டுச் சாப்பிட ஒரு பெரியவரால் எத்தனை வேளை முடியும்? அவரை விட்டுவிட்டுப் போங்கள் என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு மனசு ஒப்பவில்லை. வெள்ளகோவில் பக்கத்துத் தோட்டத்தில் காலம் முழுக்க உழைத்தவர், ராமேஸ்வரத்தையும் திருச்செந்தூரையும் தவிர வேறு கடல் பார்த்ததில்லை. அவர் வர வேண்டும், நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். மீதி எல்லாம் அதற்கு ஏற்ற மாதிரி அமையட்டும் என்று தொடங்கினேன்.

விசாவை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒரே குடும்பத்துக்குள் இரண்டு வழி வரலாம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவரிடம் ஷெங்கன் எனப்படும் ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ குடியிருப்பு அனுமதியோ இருந்தால் இணையத்திலேயே இ-விசா எடுக்கலாம். ஒரு முறை நுழையலாம், 30 நாள் தங்கலாம். கையில் இருப்பது அந்த நாடுகளின் இ-விசாவாக இருந்தால் செல்லாது. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா வேண்டும். எங்கள் கம்பெனியில் துணி வாங்கும் பையரோடு மீட்டிங்குக்காக ஜெர்மனி போய்வந்த ஷெங்கன் விசா எனக்கு இருந்தது. அத்தை, என் கணவர், பாப்பா மூன்று பேருக்கும் இல்லை. அவர்களுக்கு விண்ணப்ப மையம் வழியாக ஸ்டிக்கர் விசாதான். வங்கிக் கணக்கு விவரம், மருத்துவக் காப்பீடு, தங்கும் இடத்தின் உறுதி, டிக்கெட் என்று எல்லாம் கேட்பார்கள். வீட்டு முன்பதிவுக் கடிதத்தில் எல்லோர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இ-விசாவுக்குத் துருக்கி அரசின் சொந்தத் தளத்துக்கே போங்கள். தேடினால் முதலில் வருகிற இடைத்தரகர் தளங்கள் கூடுதல் பணம் பிடிக்கின்றன.

எங்கள் தொழிலில் ஒரு டீ-ஷர்ட்டுக்குக் காஸ்டிங், அதாவது செலவுக் கணக்கு, போடும்போது நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், பேக்கிங் என்று ஒவ்வொன்றையும் தனி வரியாகப் போடுவோம். பயணத்துக்கும் அப்படியே ஒரு தாள் போட்டேன். டிக்கெட், விசா, காப்பீடு ஆகியவை ஒரு நாள் தங்கினாலும் பத்து நாள் தங்கினாலும் மாறாதவை. வாடகை, சாப்பாடு, பஸ் மூன்றும் நாளுக்கு நாள் ஏறுபவை. அவற்றில் நம் கையில் முழுதாக இருப்பது சாப்பாடு மட்டும்தான். நான்கு பேர் மூன்று வேளையும் சுற்றுலா ஊர் ஓட்டலில் சாப்பிட்டால் அந்த வரி வாடகையைத் தாண்டிவிடும். வீட்டில் சமைத்தால் அது சுருங்கிவிடுகிறது. இங்கே ஒரு ஏஜென்ட் எங்களுக்குக் காட்டியது அந்தால்யா பக்கத்தில் சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்ந்த பெரிய ரிசார்ட். அத்தை தொடாத இறைச்சி வரிசைக்கும் நாங்கள் யாரும் குடிக்காத மதுவுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

துருக்கிப் பணமான லிராவில் விலை எதையும் எழுதவில்லை. 2022 அக்டோபரில் அங்கே பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. அப்புறம் குறைந்தாலும் விலைகள் ஏறிக்கொண்டேதான் இருக்கின்றன. யாராவது இரண்டு வருடத்துக்கு முன்னால் எழுதிய விலையை வைத்துத் திட்டம் போடாதீர்கள். வாடகையை யூரோவில் பேசிக்கொண்டு, கையில் யூரோ நோட்டு கொண்டுபோய், ஊருக்குள் உள்ள நாணய மாற்றுக் கடையில் தேவைக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஏடிஎம்மில் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி லிராவிலேயே எடுங்கள்.

வீடு தேடும்போது சட்டம் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 ஜனவரி 1 முதல், 100 நாளுக்கு உட்பட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு வீடு வாடகைக்கு விட, கலாச்சார சுற்றுலா அமைச்சகத்தின் அனுமதி கட்டாயம். அனுமதி வாங்கிய வீட்டின் வாசலில் அதற்கான பலகை இருக்கும். அடுக்குமாடிக் கட்டடம் என்றால் மற்ற வீட்டு உரிமையாளர்களின் சம்மதமும் வேண்டும். அதனால் முன்பணம் கட்டும் முன் அனுமதி எண்ணைக் கேளுங்கள். எண்ணைத் தராமல் சுற்றி வளைத்துப் பேசினால் அந்த வீடு வேண்டாம். உரிமையாளர் நம் பாஸ்போர்ட் விவரத்தைக் கேட்பது வழக்கம்தான். தங்குகிறவர்களைப் பதிவு செய்யும் பொறுப்பு அவர்களுக்கு இருக்கிறது.

எந்தப் பகுதி என்பது அடுத்த கேள்வி. ஃபெத்தியேவுக்குப் பக்கத்தில், படங்களில் நீலமாகத் தெரியும் ஓலுதெனிஸ் கடற்கரை அழகு, ஆனால் முழுக்கச் சுற்றுலாவுக்கானது. கடையிலும் அதற்கேற்ற விலை. அதற்குப் பக்கத்து ஊரான ஹிசாரொனு மேட்டில் இருக்கிறது, கடல் கிடையாது. ஃபெத்தியே ஊருக்குள் ஆண்டு முழுதும் ஜனங்கள் வாழ்கிறார்கள். 1957இல் வந்த நிலநடுக்கத்தில் பழைய ஊரின் பெரும்பகுதி போய், அப்புறம் எழுந்த ஊர் அது. எளிமையான மாடிக் குடியிருப்புகள் நிறைய. ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி சாலிஷ் கடற்கரை. நீளமான சமதள நடைபாதை, சூரியன் கடலில் இறங்குவது நேராகத் தெரியும், மதியத்துக்கு மேல் நல்ல காற்று. முழங்கால் வலி உள்ள அத்தைக்கு மேடு பள்ளம் ஆகாது என்பதால் சாலிஷில் தரைத்தளம் பிடித்தோம். ஊருக்குப் போக தொல்முஷ் என்கிற சிற்றுந்து ஓடிக்கொண்டே இருக்கும், கைகாட்டினால் நிற்கும். சீசனில் படகும் உண்டு, பாப்பாவுக்கு அதில்தான் போக வேண்டும்.

அடுப்பைப் பற்றி உரிமையாளரிடம் நான் கேட்டது: கேஸா, கண்ணாடி மேல் வைக்கும் மின் அடுப்பா, இண்டக்‌ஷனா? நம் அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் சூடாகாது; சாதாரண மின் அடுப்பில் ஆகும். இரண்டு அடுப்பாவது இருக்க வேண்டும், ஒன்றில் சோறு, ஒன்றில் குழம்பு. நம் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது, உருண்டையான இரட்டை முனைதான். மின் அழுத்தம் நம்முடையதுபோலவே. சின்னக் குக்கர் ஒன்றைத் துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெட்டியில் வைத்தேன்.

"ஏங்கண்ணு, அங்க அரிசி கெடைக்குமா? இல்லீனா நம்ம பொன்னியவே கட்டிக்கலாமா?" என்பது அத்தையின் கேள்வி. கிடைக்கும். பால்டோ, ஒஸ்மான்ஜிக் என்று குண்டு அரிசி எல்லாக் கடையிலும் இருக்கிறது, பிலாவ் என்கிற அவர்கள் ஊர்ப் புலவுக்கு வாங்குவார்கள். நமக்குக் குழைத்து வடிக்க நன்றாகவே இருந்தது. பிம், ஏ101, ஷோக் மூன்றும் மலிவு விலைக் கடைகள், ஊரில் நாலு தெருவுக்கு ஒன்று இருக்கும். அரிசி, எண்ணெய், தயிர், குடிக்க 5 லிட்டர் தண்ணீர் கேன் எல்லாம் அங்கேயே வாங்கிவிடலாம். துவரம்பருப்பு கிடையாது. ஆனால் நம் மைசூர்ப் பருப்பு மலைபோல் குவிந்திருக்கும், அவர்கள் தினமும் சூப் வைப்பது அதில்தான். அந்தப் பருப்பும் குண்டு அரிசியும் பூண்டும் சீரகமும் போட்டு அத்தை அரிசிம்பருப்புச் சாதம் செய்தார். துவரம்பருப்பைவிடச் சீக்கிரம் வெந்தது. அங்கே கிடைக்கும் கெட்டித் தயிரை மேலே ஒரு கரண்டி போட்டுச் சாப்பிட்டோம். நெய் இல்லாத குறையே தெரியவில்லை.

சந்தைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஃபெத்தியேயில் செவ்வாய்க்கிழமை பெரிய சந்தை, சாலிஷில் ஞாயிற்றுக்கிழமை ஒன்று. நீங்கள் அதே கடற்கரையில் உள்ள காஷ் என்கிற ஊர்ப் பக்கம் தங்கினால் அங்கே வெள்ளிக்கிழமை. வீட்டுக்குள் நுழையும் நாளைச் சந்தை நாளுக்கு முந்தின நாளாக வைத்துக்கொண்டால் முதல் வாரத்துக் காய்கறி மொத்தமும் தீர்ந்தது. சுற்றுக் கிராமத்திலிருந்து விளைந்ததை நேராகக் கொண்டுவருகிறார்கள். தக்காளி, கத்தரி, நம் வெண்டையில் பாதி நீளமே உள்ள வெண்டை, பூசணி, மாதுளை, அத்தி, திராட்சை. ஒரு அம்மா தட்டைப்பயறு குவித்து வைத்திருந்தார். வெள்ளையில் கறுப்புக் கண் உள்ள வகை. அத்தை கையில் அள்ளிப் பார்த்து, "நம்மூரு தட்டப்பயிறாட்டவே இருக்குது கண்ணு" என்றார். அன்று இரவு தட்டப்பயிறு கத்தரிக்காய்க் குழம்பு. புளி கொண்டுபோயிருந்தோம், ஆனாலும் மாதுளைச் சாற்றைக் காய்ச்சிக் கெட்டியாக்கி விற்கிறார்களே, அதைக் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தோம். இனிப்போடு சேர்ந்த புளிப்பு, கத்தரிக்காய்க்கு அற்புதமாகப் பொருந்தியது.

கடை கட்டும் நேரத்துக்குப் போனால் விலை இறங்கும், ஆனால் நல்ல வெண்டை காலையிலேயே போய்விடும். காலையில் காய், சாயங்காலம் பழம் என்று போவது சரியாக இருந்தது. துணிக்கடை வரிசையில் பெஷ்டமால் துண்டுகள் தொங்கும். நல்லவை டெனிஸ்லி என்கிற ஊரின் நெசவு. விரலால் தொட்டாலே பருத்தியா கலப்பா என்று எனக்குத் தெரிந்துவிடும், உங்களுக்குச் சந்தேகம் என்றால் ஓரத்து முடிச்சையும் நெசவின் நெருக்கத்தையும் பாருங்கள்.

காலையில் ரவை உப்புமா அல்லது உடைத்த கோதுமையான புல்குரில் உப்புமா. ரவை, 'இர்மிக்' என்று எழுதிய பாக்கெட்டில் இருக்கும். ஊரிலிருந்து கட்டாயம் எடுத்துப் போக வேண்டியவை துவரம்பருப்பு, புளி, வரமிளகாய், ஈரோட்டு மஞ்சள்தூள், காயவைத்த கறிவேப்பிலை, பெருங்காயம், காபித்தூளும் ஃபில்டரும். அங்கே விற்கும் பச்சை மிளகாயில் பலதும் காரமே இல்லாதவை. கொத்தமல்லித் தழை அரிது. எங்கும் பார்ஸ்லித் தழைதான், அது ரசத்துக்கு ஆகாது. பொட்டலங்கள் கடையில் சீல் வைத்தவையாக இருக்கட்டும். பால், நெய், இறைச்சி எதுவும் எடுத்துப் போகவில்லை.

மீன் ஆசை உள்ளவர்களுக்கு ஊர் நடுவே மீன் சந்தை இருக்கிறது. நடுவில் மீன் கடைகள், சுற்றிலும் ஓட்டல்கள். மீனை எடை போட்டு வாங்கி எந்த ஓட்டலில் கொடுத்தாலும் ஆளுக்கு ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு சுட்டுத் தருவார்கள். என் கணவரும் பாப்பாவும் அங்கே போய்விட்டு வந்தார்கள். எங்கள் அடுப்பில் புரட்டாசி முடியும்வரை மீன் ஏறவில்லை.

சுற்றிப் பார்ப்பதில் பெரிய செலவில்லை. மலைப்பாறையில் குடைந்த அமிந்தாஸ் கல்லறை கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, தெருவில் நின்றாலே தெரியும். 1923இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்டபோது காலியான காயாகோய் கிராமத்துக்குச் சிற்றுந்திலேயே போகலாம். கூரையில்லாத கல்வீடுகள் மலைச்சரிவு முழுக்க நிற்கின்றன. அத்தை அங்கே வெகுநேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் "இத்தன அடுப்பும் அணஞ்சு போச்சே" என்றார். நடக்கிறவர்களுக்கு, 1999இல் அடையாளமிட்டுத் திறந்த லிசியன் பாதை என்கிற நெடுந்தூர நடைபாதை இந்தப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. நடக்கக் கட்டணம் இல்லை.

வழி: கோவையிலிருந்து ஷார்ஜா, அங்கிருந்து இஸ்தான்புல்லின் சபிஹா கோக்சென் விமான நிலையம், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் தலமான். இரண்டு டிக்கெட்டும் தனித்தனி என்றால் நடுவில் தாராளமாக நேரம் விடுங்கள். குடிநுழைவு முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். இஸ்தான்புல்லிலிருந்து இரவுப் பேருந்து மலிவாகக் கிடைக்கும், ஆனால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், பெரியவர்களோடு வேண்டாம். தலமானிலிருந்து ஃபெத்தியேவுக்கு விமான நிலையப் பேருந்து இருக்கிறது.

உரிமையாளருக்குக் கொடுக்க சென்னிமலைப் போர்வை ஒன்று கொண்டுபோனோம். கிளம்பும் நாளில் மீந்த பருப்பையும் மிளகாயையும் அவர் மனைவி கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டு உரிமையாளருக்கு எழுதிக் கேட்க வேண்டிய கேள்விகளை ஆங்கிலத்திலும் துருக்கி மொழியிலும் ஒரே பக்கமாக வைத்திருக்கிறேன், வேண்டுகிறவர்கள் கேட்டால் அனுப்புகிறேன். ஸ்டிக்கர் விசா தேவைப்படுகிறவர்கள் ஆடி மாதத்திலேயே காகிதங்களைச் சேர்க்கத் தொடங்கிவிடுங்கள்.