சிறுநீர்ப்பை கீமோ: வெள்ளை அணுவால் நாங்கள் பட்ட பாடு

அப்பாவுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி, தசைக்குள் இறங்கிவிட்டது. முதலில் நாலு சுற்று கீமோ, அப்புறம்தான் பையை எடுப்பது என்று மதுரையில் முடிவு செய்தார்கள். ஜெம்சிடபினும் சிஸ்பிளாட்டினும், 21 நாளுக்கு ஒரு சுற்று, எட்டாம் நாள் ஜெம்சிடபின் மட்டும். காப்பீடு, ஸ்கேன், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் டெஸ்ட் எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தது. எங்களைப் படுத்தியெடுத்தது வெள்ளை அணுதான்.

எட்டாம் நாளுக்கு முந்தின நாளே ரத்தம் பார்த்து ரிப்போர்ட்டோடு வரச் சொல்லியிருந்தார்கள். உசிலம்பட்டியில் ஒரு லேபில் கொடுத்தோம். 'மொத்த வெள்ளை அணு 2,600' என்று ஒரே வரி, வகை பிரித்துப் போடவில்லை. மறுநாள் விடியற்காலை பஸ் பிடித்து ஆரப்பாளையத்தில் இறங்கி, ஆட்டோ வைத்துப் போய்ச் சேர்ந்தால், கவுண்டரில் இருந்தவர் "நியூட்ரோஃபில் எங்க?" என்று தாளைத் திருப்பி நீட்டிவிட்டார். நியூட்ரோஃபில் என்பது கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுவில் ஒரு வகை. என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொல்லவே இல்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்காதான் "இங்கயே ரத்தம் குடுங்க தம்பி" என்று வழிகாட்டினார். மதியம் வரை அப்பா பெஞ்சில் சாய்ந்தே கிடந்தார். நியூட்ரோஃபில் 28 சதவீதம், அதாவது 728. ஆயிரத்துக்குக் கீழே என்பதால் அன்றைக்கு மருந்து கிடையாது, திரும்பிப் போங்கள் என்றார்கள். தயவுசெய்து, லேபில் ரத்தம் கொடுக்கும்போதே வெள்ளை அணுவை வகை பிரித்துக் காட்டும் டிஃபரன்ஷியல் கவுண்ட்டும் வேண்டும் என்று கேளுங்கள். மொத்த எண்ணிக்கையை நியூட்ரோஃபில் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும். போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம்.

இன்னொன்று, இதைவிட முக்கியம். அந்த வாரமே ஒரு ராத்திரி அப்பாவுக்குக் காய்ச்சல் 101. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன், எடுத்தவர் பாராசிட்டமால் போட்டுக் காலையில் வரச் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை, கார் பிடித்துக் கூட்டிப்போய்விட்டேன். உடனே ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். நியூட்ரோஃபில் குறைந்திருக்கும்போது 100.4 தாண்டினாலே அவசரம்தான், யார் என்ன சொன்னாலும் விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

இதற்கு நடுவில் சித்தப்பா வேறு. "இருக்கிற எதிர்ப்புச் சக்தியையும் கொன்னுட்டு எப்படிண்ணே ஆபரேஷன் தாங்குவ? நிறுத்திரு" என்று வாசலில் உட்கார்ந்துகொண்டார். அப்பாவும் கொஞ்சம் ஆடிப்போனார். அடுத்த தடவை டாக்டரிடம் அதையே கேட்டேன். ஃபைல் அட்டையின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். ரத்தத்தில் நியூட்ரோஃபில் குறைவது எலும்பு மஜ்ஜையில் மருந்து படுவதால்தான், சில நாளில் ஏறிவிடும், தேவைப்பட்டால் அதை ஏற்றவும் ஊசி உண்டு. கட்டிக்குள் நடப்பது வேறு. சிஸ்பிளாட்டினில் சாகிற புற்றுநோய் செல்கள் உடைந்து சிதறும்போது, அதுவரை ஒளிந்திருந்த அடையாளப் புரதங்கள் வெளியே வருகின்றன, அவற்றைப் பிடித்து, புற்றுநோய் செல்லைத் தாக்கும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கவே நம் உடம்பில் தனி செல்கள் இருக்கின்றன. அதனால் சிலருக்கு டி செல்களின் தாக்குதல் கூடுகிறது, எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை என்றும் சொன்னார். இதே இரண்டு மருந்தோடு டுர்வாலுமாப் என்ற, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோ ஊசியையும் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் கொடுத்துப் பார்த்த நயாகரா ஆய்வு 2024-ல் வந்திருக்கிறது, நல்ல பலன் என்றார். 2003-லேயே வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நாலு மருந்து கீமோ முடித்து ஆபரேஷனுக்குப் போனவர்களில் 38 சதவீதம் பேருக்கு எடுத்த பையில் கட்டியே இல்லை. நேரே ஆபரேஷன் செய்தவர்களில் அது 15 சதவீதம்தான். இதைக் கேட்ட பிறகு அப்பா மறுபேச்சுப் பேசவில்லை.

நாலு சுற்றும் முடித்து ஆபரேஷனும் ஆயிற்று. பயாப்சி ரிப்போர்ட்டில் கட்டி இருந்த இடத்தில் தழும்பும் லிம்போசைட்டுகளும்தான் (டி செல்களும் சேர்ந்த வெள்ளை அணு வகை), நிணநீர் முடிச்சுகளும் சுத்தம். சித்தப்பாவிடம் அதை நானே வாசித்துக் காட்டினேன். லேபில் கட்டித் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கை மட்டும் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இம்யூனோ மருந்துக்காகக் கட்டியில் பிடிஎல்-1 என்ற புரதத்தைப் பார்க்க வேண்டி வந்தால் அது தேவைப்படும்.