தாளிப்பில்லாத பங்குனி

மார்ச் 12, 2024, செவ்வாய்

பெரியவளுக்குக் கழுத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, வயிற்றில் மூன்று. முதுகைப் பார்க்கத் துணிவில்லை. "கொசு கடிச்சிருக்கு" என்றேன். அத்தை எதுவும் சொல்லாமல் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த எண்ணெயை இறக்கி வைத்தார். கடுகு டப்பாவை எடுத்து மேல் தட்டில் ஏற்றினார். சரி, கொசு இல்லை.

மார்ச் 13, புதன்

கேட்டில் வேப்பிலை. கேபிள் காசுக்கு வந்த பையன் அதைப் பார்த்துவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

ஆத்தா வந்திருக்கும்போது ஆஸ்பத்திரி படி ஏறக்கூடாது என்பது அத்தையின் சட்டம். காய்ச்சலுக்குத்தான் என்று சொல்லிக் கூட்டிப் போனேன். அது பொய்யும் இல்லை, 101 இருந்தது. டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்து, சின்னம்மை என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், அரிப்புக்குக் காலமைன். ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் பக்கமே போக வேண்டாம். ஏற்கெனவே ஒரு தவணை ஊசி போட்டிருப்பதால் லேசாகப் போய்விடலாம். எல்லாம் பொருக்குத் தட்டும் வரை பள்ளிக்கூடம் கிடையாது.

நான் கேட்க வந்தது இவளைப் பற்றி இல்லை. சின்னவனைப் பற்றி. புள்ளி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே ஒட்ட ஆரம்பித்துவிடுமாம். ஒட்டியிருந்தால் 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அவனுக்கும் வரும். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே ஐஸ் குச்சியை மாறி மாறிச் சப்பியதை டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒட்டிய மூன்று நாளுக்குள், மிஞ்சினால் ஐந்து நாளுக்குள், தடுப்பூசி போட்டால் வராமலே போகலாம் அல்லது லேசாக வரலாம் என்றார். அரசு அட்டவணையில் இல்லாத ஊசி, நாம்தான் காசு கொடுத்துப் போட வேண்டும். அவனுக்குப் போட வேண்டிய ஒவ்வொரு முறையும் சளி, இருமல் என்று தள்ளிப் போனது.

இரவு இன்னொரு பஞ்சாயத்து. பிள்ளைகளின் அப்பாவுக்கு அம்மை வந்திருக்கிறதா? "மூணாவது படிக்கிறப்ப வந்துச்சு, நான்தானே தண்ணி ஊத்துனேன்" என்கிறார் அத்தை. திருவெறும்பூரிலிருந்து பெரியப்பா போனில், "அம்மா, அது எனக்கு." எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சையோடு வந்து போய்விட்டது, மூக்கில் தழும்பு இருக்கிறது. இவர் உடம்பில் தேடினால் சைக்கிளில் விழுந்த தழும்புதான் இருக்கிறது. பெரியவர்களுக்கு வந்தால் கடுமை. பத்து மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

மார்ச் 14, வியாழன்

ஊசி விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று காலையிலிருந்து வாயை மென்றுகொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு அத்தை புடவை மாற்றிக்கொண்டு வந்து சின்னவனை இடுப்பில் தூக்கினார். "ஆத்தா வந்திருக்கறது இவகிட்ட. அவனுக்கு ஊசி போட்டா ஆத்தாளுக்கு என்ன கோவம்?" என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினார். எந்த வக்கீலுக்கும் தோன்றியிருக்காது.

திரும்பி வந்ததும் சின்னவன் அப்பாயியோடு டூ.

மார்ச் 15, வெள்ளி

அரிப்பு. விடிய விடிய வேப்பிலைக் கொத்தால் வருடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 16, சனி

பெரியவள் தயிர் சோற்றைத் தள்ளிவிட்டு சிப்ஸ் கேட்டாள். அத்தை உடனே சமயபுரத்துக் கதையை எடுத்தார். மாசி கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் மாரியம்மனே பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி இருக்கிறாள். தளிகை கிடையாது. துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர், அவ்வளவுதான்.

"சாமிக்கும் சிப்ஸ் கிடையாதா?"

"கிடையாது."

"பிஸ்கட்?"

"அதுவும் கிடையாது."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "சாமியோட அம்மா ரொம்ப ஸ்ட்ரிக்ட்டா?"

அத்தைக்குப் பதில் வரவில்லை. ஆனால் சோறு உள்ளே போனது.

ஏசி கேட்டதற்கும் பதில் தயாராக இருந்தது. "நம்ம உறையூர் வெக்காளிக்குத் தலைக்கு மேல கூரையே கிடையாது. வெயில்ல உக்காந்திருக்கா. அவ கேக்குறாளா ஏசி?"

மார்ச் 17, ஞாயிறு

அம்மை முத்தை எண்ணக்கூடாதாம், எண்ணினால் கூடுமாம். அதனால் இவள் போர்வைக்குள் போய் ரகசியமாக எண்ணுகிறாள். "இருபத்தெட்டு, இருபத்தொன்பது, இருபத்திப்பத்து, இருபத்திப்பதினொன்று." அந்தக் கணக்கில் எத்தனை என்று எனக்கும் தெரியவில்லை, அத்தைக்கும் தெரியவில்லை. ஆத்தாளுக்கும் குழப்பமாகத்தான் இருக்கும், கூட்ட மாட்டாள்.

காலமைன் பாட்டில் பாதி காலி. பொம்மைக்கும் அம்மை.

மார்ச் 18, திங்கள்

இன்று யூகேஜி பட்டமளிப்பு விழா. கறுப்பு அங்கி, குஞ்சம் வைத்த தொப்பி, எல்லாம் வாடகைக்கு எடுத்து அலமாரியில் தொங்குகிறது. பள்ளி குரூப்பில் ஒவ்வொரு போட்டோவாக வந்து விழ, போனைத் தலையணைக்கடியில் ஒளித்தேன். கண்டுபிடித்துவிட்டாள். அழுகை என்றால் சத்தமில்லாத அழுகை, அதுதான் தாங்க முடியவில்லை.

அங்கியைப் போட்டாவது விடலாம் என்று எடுத்தால், அத்தை கறுப்பு ஆகாது என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அம்மை வீட்டில் சண்டையும் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் பார்த்தால் அத்தையே மஞ்சள் துண்டைத் தோளில் போர்த்தி, அட்டைப் பெட்டி மூடியைத் தலையில் வைத்து, கிழித்துப் போட்ட நாட்காட்டித் தாளைச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டிருந்தார். நான் பேர் வாசித்தேன். சின்னவன் கை தட்டினான். பட்டம் வாங்கியவள் தாளைப் பிரித்து, "இதுல நல்ல நேரம் 10:45ன்னு போட்டிருக்கு" என்றாள். படிப்பு வீண் போகவில்லை.

மார்ச் 20, புதன்

முதல் தண்ணி. மொட்டை மாடியில் அண்டாவில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். பொருக்கு எல்லாம் காய்ந்துவிட்டது. சின்னவனும் அண்டாவுக்குள் இறங்க வேண்டும் என்று ஒரு ரகளை.

மார்ச் 21, வியாழன்

தூக்கம் வராமல் எழுதுகிறேன். சின்னவனைத் தினமும் இரவு செல்போன் டார்ச்சில் பார்க்கிறேன். வயிறு, முதுகு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள். ஊசி போட்டாச்சே என்றால், வராது என்று சத்தியம் செய்ய முடியாது என்றுதானே டாக்டர் சொன்னார். இவளுக்குக் கழுத்திலும் வயிற்றிலும்தான் ஆரம்பித்தது, அவனுக்கும் அங்கேதான் ஆரம்பிக்குமா? தொடையில் சிவப்பாக ஒன்று இருக்கிறது. எறும்புக்கடி மாதிரிதான் தெரிகிறது. நேற்று அது இருந்ததா? நேற்று எடுத்த போட்டோவில் தொடை விழவில்லை. ஏப்ரல் 2 தாண்ட வேண்டும். அதுவரை இவன் தும்மினால் எனக்கு நெஞ்சு அடிக்கும்.

மார்ச் 22, வெள்ளி

எறும்புதான். போய்விட்டது.

சின்னவனுக்கு இப்போது யார் செல்போனை எடுத்தாலும் சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். காஸ் சிலிண்டர்காரர் ஓடிபி பார்க்கப் போனை எடுத்தார், கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று வயிற்றைக் காட்டினான். அவர் பயந்துபோய் வேப்பிலையைத் தொட்டுக் கும்பிட்டார்.

இரண்டாம் தண்ணி ஆயிற்று.

மாலையில் அவர் இளநீரோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். சின்னவன் கம்பிக்கு நடுவில் கையை விட்டு அப்பாவின் மூக்கைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. மூக்கைக் கொடுத்தபடியே என்னிடம் பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ் எல்லாம் பேசினார். பேசும்போதெல்லாம் கேட் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டார். அண்ணன் வீட்டில் மாடி அறை கொதிக்கிறதாம், வேர்க்குரு.

மார்ச் 23, சனி

இரவு டார்ச் அடித்தேன். வயிறு முழுக்கச் சிவப்பு. கை நடுங்கி அத்தையைக் கூப்பிட்டேன். அத்தை கண்ணாடி போட்டு, குனிந்து, நகத்தால் ஒன்றைச் சுரண்டினார். அது அவர் விரலோடு வந்துவிட்டது.

ஸ்டிக்கர் பொட்டு. என் புது பாக்கெட் மொத்தமும். "தம்பி அவனுக்கும் முத்து வேணும்னு அழுதான். எனக்குத்தான் உதிர்ந்துருச்சே, அதான்" என்றாள் பெரியவள். வாய்விட்டுச் சிரித்தது அத்தைதான். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எதற்கு என்று தெரியவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

மூன்றாம் தண்ணி. கேட் வேப்பிலையை எடுத்தாச்சு. இனித் தாளிக்கலாமா என்று அத்தையிடம் கேட்டேன். சின்னவன் கணக்கு முடியட்டும் என்றார். சாயங்காலம் எதிர்வீட்டுக் கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தபோது ஜன்னலோரம் போய் நின்றவரும் அவரேதான்.

மார்ச் 25, திங்கள்

பங்குனி உத்திரம். தெருவில் காவடி. சின்னவன் காவடி எடுத்தவருக்கும் வயிற்றைக் காட்டினான். சுத்தமான வயிறு.

மார்ச் 26, செவ்வாய்

காலை ஆறேகாலுக்கு வாட்ஸப்பில் ஒரு போட்டோ. அகலமான முதுகு. கீழே, "இது வேர்க்குருதானே?"

அத்தையிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அப்ப மூணாவது படிக்கிறப்ப வந்தது பெரியவனுக்குத்தான் போல" என்றார்.

மாலை

டாக்டர் மாத்திரை எழுதிவிட்டார். அசைக்ளோவிர் 800, ஒரு நாளைக்கு ஐந்து வேளை. பெரியவர்களுக்குப் புள்ளி வந்த 24 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லதாம். முதல் மாத்திரை போட்டாயிற்று. பெரியப்பா பைக்கில் கொண்டுவந்து விடுகிறார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது, எல்லோரும் ஒரே வீட்டில்.

அத்தை மரத்தடிக்குப் போயிருக்கிறார், புது வேப்பிலைக்கு. "அப்பாவுக்கு நான்தான் எண்ணுவேன், எனக்கு இப்ப நூறு வரைக்கும் தெரியும்" என்று பெரியவள் நிபந்தனை போட்டுவிட்டாள். சின்னவனை இன்று இன்னும் பார்க்கவில்லை. அப்பா வருகிறார் என்று தெரிந்ததும் சட்டையையே கழற்றிப் போட்டுவிட்டு வாசலில் நிற்கிறான்.

ஹாரன் சத்தம் கேட்கிறது. மீதியை ராத்திரி எழுதுகிறேன்.