மொழிபெயர்ப்புக்குத் தனி அட்டவணை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு மளிகைக் கடைக்காக நான் பராமரித்து வரும் விற்பனை மென்பொருளில், பொருள்களின் பெயரும் விளக்கமும் மலாய், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் இருக்க வேண்டும் என்பது கடைக்காரரின் நிபந்தனை. இதற்குப் பலரும் தரவுத்தளத்தின் பொருள் அட்டவணையிலேயே மொழிக்கு ஒரு பத்தி (நெடுவரிசை) என மூன்றைச் சேர்த்துவிடுவார்கள். மொழிகளின் எண்ணிக்கை மாறாது என்றால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்துவிட்ட தோட்டங்களில் இன்று வங்காளதேசத் தொழிலாளர்களும் வேலை செய்கிறார்கள். சாமான் வாங்க அவர்களும் பட்டணத்துக்குத்தான் வருகிறார்கள். வங்காள மொழியைச் சேர்க்கும் நாளில், பத்திகளை நம்பி எழுதிய ஒவ்வொரு வினவலையும் (தரவைக் கேட்டெடுக்கும் கட்டளை) தேடித் திருத்த வேண்டியிருக்கும்.

ஆகவே விலையும் பார்கோடும் முதன்மை அட்டவணையில் இருக்க, பெயரையும் விளக்கத்தையும் தனி அட்டவணைக்கு மாற்றி, பொருள் எண்ணும் மொழிக்குறியும் சேர்ந்ததை, ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியாக வைத்திருக்கிறேன். புதிய மொழி என்பது இப்போது புதிய கிடை வரிசைகள் மட்டுமே. தமிழ் வரிசை இல்லாத பொருளுக்கு மலாய்ப் பெயரைக் காட்ட, அந்த அட்டவணையைத் தமிழுக்கு ஒன்று, மலாய்க்கு ஒன்று என இருமுறை இடது இணைப்பில் (மறுபக்கம் வரிசை இல்லாவிட்டாலும் பொருளை விட்டுவிடாத இணைப்பு) சேர்த்து, கொடுத்தவற்றில் மதிப்புள்ள முதலாவதைத் தரும் கோயலெஸ் சார்பைப் பயன்படுத்தலாம். மொழிபெயர்ப்பு இல்லாத இடத்தில் வெற்றுச் சரத்தை (எழுத்தே இல்லாத உரை) மட்டும் சேமிக்கக் கூடாது. பெரும்பாலான தரவுத்தளங்கள் அதையும் ஒரு மதிப்பாகவே கொண்டு, பெயரே இல்லாத பொருளைத் திரையில் காட்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், மொழிபெயர்த்த பிறகு மூலம் மாறுவது. 1 கிலோ பொட்டலம் 900 கிராம் ஆகி, மலாய் விளக்கம் திருத்தப்பட்டு, தமிழ் விளக்கம் அப்படியே நின்றால், தமிழில் படிப்பவருக்கு மட்டும் கடை பொய் சொல்கிறது. எனவே மூலத்துக்கு ஒரு பதிப்பு எண் கொடுத்து, எந்தப் பதிப்பைப் பார்த்து மொழிபெயர்த்தோம் என்பதை ஒவ்வொரு மொழிபெயர்ப்பு வரிசையிலும் எழுதிவைக்க வேண்டும். எண்கள் ஒத்துப்போகாத வரிசைகளே மறுநாள் திருத்த வேண்டியவற்றின் பட்டியல். பழைய தமிழைக் காட்டுவதா, புதிய மலாயைக் காட்டுவதா என்று கேட்டால், எடையும் காலாவதியும் சம்பந்தப்பட்ட இடங்களில் நான் மலாயையே காட்டுவேன்.

தமிழுக்கே உரிய கவனம் ஒன்றும் உண்டு. 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒருங்குறியில் (யூனிகோடு) ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் பைட்டுகளை ஒப்பிடும் தேடலில் கொத்தமல்லி அகப்படாது. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும், பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இது தீரும். நாம் ஆறு எழுத்தாக எண்ணும் அந்தச் சொல், ஒருங்குறியில் 10 குறியீடுகள்; அவற்றைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 30 பைட்டுகள். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் பத்தியின் நீளத்தைக் குறியீடுகளில் கணக்கிடுகிறது. ஆரக்கிள் தரவுத்தளத்தின் இயல்பான அமைப்போ பைட்டுகளில் கணக்கிடுகிறது. ஆங்கிலப் பெயரை வைத்து அளவெடுத்த பத்தியில் தமிழ்ப் பெயர் அடங்காமல் போவது அதனால்தான்.