கோலா மூடா கைட் குறிப்பு: காற்றுக்கு முன் நிலா

பிப்ரவரி 5, 2025, புதன்
வளர்பிறை அஷ்டமி. நீரோட்டம் மெலிந்திருக்கும் நாள். மலேசியாவின் சுங்கை மூடா (மூடா ஆறு) முகத்துவாரத்தில் கைட்போர்டிங்குக்கு, அதாவது கைட் இழுக்கப் போர்டில் நின்று தண்ணீரில் சறுக்க, முதன்முறை இறங்குகிறவருக்கு இதைவிட நல்ல நாள் கிடையாது. பிற்பகலில் கடல்காற்று மேற்கிலிருந்து வரும். அப்போது ஏற்றம் (கடல் உயர்ந்து தண்ணீர் ஆற்றுக்குள் வருவது) ஓடினால் காற்றும் தண்ணீரும் ஒரே பக்கம் போகும். அலை படியும், ஆனால் கைட் சோம்பும்.

பிப்ரவரி 11, செவ்வாய்
தைப்பூச லீவு. பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகாமல் ஆற்றுக்கு வருகிறவர் ஒன்றை மறக்கக்கூடாது: தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டித்தான் வரும். நீரோட்டத்தின் இழுப்பு உச்சத்துக்கு வர அதற்குப் பிறகும் ஓரிரு நாள் ஆகும்.

ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் (தண்ணீர் கடலுக்கு இறங்குவது) மட்ட வித்தியாசம் 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் மணி நேரத்தில் 20 செ.மீ. இறங்கும், அடுத்ததில் 40, பிறகு 60, 60, 40, 20. நடு இரண்டு மணி நேரம்தான் ஆளை இழுக்கும். மட்டம் ஏறத் தொடங்கியதுமே ஓட்டம் திரும்பிவிடும் என்று நம்பவேண்டாம். ஆற்றுவாயில் தண்ணீர் உயரும்போதும் வெளியே ஓடிக்கொண்டிருப்பது உண்டு. கணக்கைவிட தண்ணீரில் நிற்கும் மூங்கில் கழியைச் சுற்றும் நுரையை நம்பலாம்.

பிப்ரவரி 13, வியாழன்
வற்றம் மேற்கு நோக்கி ஓடுகிறது, காற்று கிழக்கு நோக்கி வீசுகிறது. கரையில் காற்றுமானி 12 நாட் (மணிக்கு 12 கடல்மைல்) காட்டுகிறது. ஓட்டம் 2 நாட் என்றால் தண்ணீரில் இருப்பவரின் கைட்டுக்கு அது 14. இதே காற்று ஏற்றத்தில் வெறும் 10. இழுவிசை வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால் (10இன் வர்க்கம் 100, 14இன் வர்க்கம் 196) 100க்கு 196, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! 12 நாட்டுக்கு 12 சதுர மீட்டர் கைட் போடுகிறவருக்கு இப்போது 9 போதும்.

எதிரெதிரே மோதுவதால் அலை குட்டையாக, செங்குத்தாக நிற்கும். முன்காலில் பாரம் போட்டால் போர்டின் மூக்கு குத்திவிடும். முழங்காலை மடக்கி, பின்காலில் சாய்ந்து, கைட்டை அடிவானத்திலிருந்து 45 பாகை உயரத்தில் நிறுத்தவும்.

போர்டு கைநழுவினால் கரையைப் பார்த்துக் குறி வைக்காதீர்கள். ஓட்டம் உங்களையும் போர்டையும் ஒன்றாகத்தான் கொண்டுபோகிறது. போர்டையே பார்த்து, ஒரு கையைத் தண்ணீரில் துடுப்புபோல ஊன்றி, காற்றை எதிர்த்து வளைந்து வளைந்து இழுபட்டுப் போகவும்.

லைன் (கைட்டின் கயிறு) கழியில் சிக்கினால் நிலைமை வேறு. கைட் நின்றுவிடும், தண்ணீர் நிற்காது. துணி வலைப்பை மாதிரி நிரம்பி இழுக்கும். உடனே குவிக் ரிலீஸைத் (கைட்டின் இழுப்பை விடுவிக்கும் பூட்டு) தள்ளித் திறக்கவும். அப்படியும் இழுத்தால் லீஷையும் (கைட்டை உடம்போடு பிணைக்கும் கயிறு) விட்டுவிடவும். கைட் போனால் போகட்டும். லைன் காலில் சுற்றிக்கொண்டால் அறுக்க ஹார்னஸில் (இடுப்புப் பட்டை) கொக்கிக்கத்தி கட்டாயம்.

காலையில் தரைக்காற்றும் வற்றமும் சேர்ந்தால் இறங்கவே வேண்டாம். இரண்டுமே கடலுக்குத்தான் தள்ளும்.

பிப்ரவரி 16, ஞாயிறு
ஆற்றின் மேற்பகுதியில் மழை. தண்ணீர் செம்மண் நிறம், மட்டைகள் மிதக்கின்றன. வற்றம் நீளும். இன்று இறங்கவில்லை, கழுவல் வேலை மட்டும். குவிக் ரிலீஸுக்குள் வண்டல் புகுந்தால் சிக்கிக்கொள்ளும். நல்ல தண்ணீரில் முக்கி, பத்துத் தடவை தள்ளித் திறந்து, திரும்பப் பூட்டிப் பார்க்கவும்.