சோஹ்ராவில் மழை இரவில் பெய்கிறது

மேகாலயாவின் தலைநகர் ஷில்லாங்கிலிருந்து சோஹ்ராவுக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அந்தத் தூரத்துக்குள் ஆண்டு மழை ஐந்து மடங்காகிவிடுகிறது. ஷில்லாங்கில் சுமார் 2,200 மி.மீ.; பள்ளியில் நாம் சிரபுஞ்சி என்று படித்த சோஹ்ராவில் சராசரியாக 11,777 மி.மீ. எண்ணாகப் படித்தபோது வராத வியப்பு, மாவ்க்டோக் பாலத்தைத் தாண்டியதும் வந்தது. அதுவரை புல்மேடும் பைன் மரமுமாக வந்த சாலை அங்கே பெரும் பள்ளத்தாக்கு ஒன்றின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. ஜூலை மாதம். கீழேயிருந்து மேகம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் விளக்கைப் போட்டு வேகத்தைக் குறைத்தார்.

எல்லாம் நில அமைப்பு செய்கிற வேலை. தெற்கே வங்கதேசத்தின் சில்ஹெட் சமவெளி கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் கிடக்கிறது. அதன் ஓரத்திலிருந்து மேகாலயாவின் காசி மலை செங்குத்தாக 1,300 மீட்டருக்கு மேல் எழுகிறது. வங்கக் கடலிலிருந்து புறப்படும் ஈரக்காற்றுக்கு நடுவில் எந்தத் தடையும் இல்லை. நேரே வந்து முட்டி, பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்து மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து கொட்டிவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஷில்லாங்குக்கு மிச்சம்தான்.

நான் பார்க்கப் போனது அருவிகளை அல்ல, மழையை. நமக்குக் கோடை வெயில் ஏறி, மாலையில் இடியோடு வரும் மழைதான் பழக்கம். இங்கே கணக்கே வேறு. பகலில் மூட்டமும் தூறலும். நடுவே வெளிச்சம்கூட வரும். கொட்டுவது பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல் விடியல் வரை. சமவெளியின் மேல் தாழ்வாக வீசும் காற்று இரவில் வலுப்பதுதான் இதற்கு முக்கியக் காரணம். தகரக் கூரைக்குக் கீழே படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இடி அதிகம் இல்லை. நம் ஊர் மழை மாதிரி ஏறி இறங்கவும் இல்லை. ஒரே வேகத்தில், மணிக்கணக்காக. பக்கத்தில் இருப்பவர் பேசினால் காதில் விழாது. இந்தியா முழுக்க ஒரு நாள் மழையைக் காலை 8:30 மணிக்கு அளப்பார்கள். அதனால் சோஹ்ராவின் ஓர் இரவு அப்படியே ஒரே நாள் கணக்கில் சேர்ந்துவிடும்.

அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதற்கு 1995 ஜூன் 16 ஒன்று போதும்: 1,563 மி.மீ. சென்னைக்கு ஓர் ஆண்டில் கிடைப்பது ஏறக்குறைய 1,400 மி.மீ. அப்புறம் 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலை வரை பெய்த 26,461 மி.மீ.; பன்னிரண்டு மாத மழையில் உலகச் சாதனை அதுதான்.

வானிலைப் படம் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. தென்மேற்குப் பருவமழை நடு இந்தியாவில் ஓய்ந்து, உழவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாட்கள் உண்டு. அப்போது வழக்கமாக அங்கே மழை தரும் தாழ்வழுத்தப் பட்டை வடக்கே இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்திருக்கும். மேகாலயாவில் கொட்டித் தீர்ப்பது பல சமயம் அந்த நாட்களில்தான். தமிழ்நாட்டிலும் அதே நாட்களில் மாலை இடிமழை கூடும். நம் மொட்டைமாடி மழைக்கும் சோஹ்ராவின் பேய்மழைக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

வயலில் குனிந்து வேலை செய்யும் பெண்கள் முதுகில் க்னுப் போட்டிருந்தார்கள். மூங்கிலும் இலையும் வைத்துப் பின்னியது, ஆமை ஓடு மாதிரி தலையிலிருந்து இடுப்பு வரை மூடும், இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சும். இந்த மழைக்குக் குடையெல்லாம் உதவாது.

ஆனால் இவ்வளவு நீரும் நிற்பதில்லை. அடியில் சுண்ணாம்புப் பாறை, மேலே மெல்லிய மண். காடு வெட்டியதும் நிலக்கரி, சுண்ணாம்புக்கல் தோண்டியதும் சேர்ந்து அந்த மண்ணையும் அரித்துவிட்டன. நீர் நேரே தெற்கே ஓடுகிறது. 2022 ஜூனில் பக்கத்து மாவ்சின்ராமில் ஒரே நாளில் 1,003.6 மி.மீ. பெய்த அந்த வாரம் வங்கதேசத்தில் சில்ஹெட்டும் சுனாம்கஞ்சும் மூழ்கின. நவம்பர் வந்தால் இங்கே ஊற்றுகள் வற்றத் தொடங்கும், குடிநீருக்கு வெகுதூரம் நடக்க வேண்டும். சாதனை எண்ணைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: காலையில் ஷில்லாங்கிலிருந்து வந்து மாலையில் திரும்பும் சுற்றுலாவில் சோஹ்ராவின் மழையைப் பார்க்கவே முடியாது. இரவு தங்குங்கள். பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் அக்டோபர் கடைசி. மழை வேண்டுமென்றால் ஜூன், ஜூலை. மண்சரிவில் சாலை அடைபடலாம், அதனால் திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.