விலையில் சேர்த்துக் கொடுக்கும் மூன்று ஏசி: திருவான்மியூர் வீட்டுச் சோதனை நாட்குறிப்பு

4 ஜனவரி 2025, சனி

கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், 2012-இல் கட்டிய அடுக்ககம். விலைக்கு வந்திருக்கும் வீடு மூன்றாவது மாடியில். மூன்று ஏசியையும் விற்பவர் விட்டுவிட்டுப் போகிறார். "எல்லாம் விலையில சேர்த்திதான் சார்" என்கிறார் தரகர்.

வெளியே மாட்டும் அவுட்டோர் பெட்டியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்ததில்:
ஹால்: ஒன்றரை டன் இன்வெர்ட்டர் (கேஸை அமுக்கும் கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் வகை), 2019, ஆர்-32 கேஸ் (குளிரூட்டும் வாயு).
பெரிய படுக்கையறை: ஒன்றரை டன், இன்வெர்ட்டர் இல்லாத பழைய வகை, 2013, ஆர்-22.
சின்ன அறை: ஒரு டன் இன்வெர்ட்டர், 2021, ஆர்-32.

அறைக்குள் மாட்டும் இன்டோரில் இருக்கும் நட்சத்திர ஸ்டிக்கரை மட்டும் பார்த்து வயதை முடிவு செய்யக் கூடாது. இன்டோர் ஒரு வருடம், அவுட்டோர் வேறு வருடம் என்று ஒட்டுப்போட்ட ஜோடிகள் உண்டு. இரண்டு தகடுகளின் மாடல் எண்ணையும் படம் எடுத்து ஒப்பிட வேண்டும். இங்கே மூன்றும் சரியான ஜோடிகள்தான்.

உள்ளே நுழைந்தபோதே வீடு சில்லென்று இருந்தது. இதில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். காலையிலிருந்து ஓடும் ஏசி, கேஸ் ஓரளவு போனதாக இருந்தாலும், மூடிய அறையை மதியத்துக்குள் குளிர வைத்துவிடும். மூன்றையும் அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, இருபது நிமிடம் காத்திருந்து, அதன் பிறகுதான் சோதனை. மார்கழி மாதத்தில் இது இன்னும் முக்கியம். வெளியே 29 டிகிரிதான் என்றால் இன்வெர்ட்டர் கொஞ்ச நேரத்திலேயே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், குறை வெளியே தெரியாது. ரிமோட்டில் 16 டிகிரி, ஃபேன் முழு வேகம், அறைக் கதவு பாதி திறந்து, கம்ப்ரஸருக்கு மூச்சுவிட இடம் கொடுக்காமல் ஓட்ட வேண்டும்.

அளக்க முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், கம்பி நுனியில் சென்சார் வைத்த தெர்மாமீட்டர் போதும். துப்பாக்கி மாதிரி நீட்டும் இன்ஃப்ராரெட் கருவி இதற்கு உதவாது. அது காற்றை அளப்பதில்லை, எதிரே இருக்கும் பிளாஸ்டிக்கை அளக்கிறது. இன்டோரின் மேலே காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு அளவு, கீழே காற்று வெளியே வரும் வாயில் ஒரு அளவு. ஓட ஆரம்பித்து பதினைந்து நிமிடம் கழித்து எடுத்தவை:

ஹால்: உள்ளே போவது 28.9, வெளியே வருவது 16.2. வித்தியாசம் 12.7.
பெரிய அறை: 28.6, 22.4. வித்தியாசம் 6.2.
சின்ன அறை: ஆறாவது நிமிடத்தில் நின்று, விளக்கு மினுக்க ஆரம்பித்தது. அளவு எடுக்க வழியில்லை.

சென்னையின் ஈரப்பதத்தில் 8 முதல் 13 வரை வந்தால் நல்ல எந்திரம். காற்றில் ஈரம் ஏற ஏற இந்த வித்தியாசம் குறையும், ஏனென்றால் குளிரில் ஒரு பங்கு தண்ணீரைப் பிரித்தெடுப்பதிலேயே போய்விடுகிறது. அதனால் 9 வந்தாலே 'கேஸ் இல்லை' என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. 6.2-க்கு அந்தச் சலுகை கிடையாது.

பெரிய அறை ஏசியின் ஃபில்டர் சுத்தமாகவே இருந்தது. ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 5.1 ஆம்பியர். தகட்டில் போட்டிருப்பது 7.6. குளிரும் குறைவு, கரண்டும் குறைவு என்றால் பெரும்பாலும் கேஸ் குறைவு: இழுக்கக் கேஸ் இல்லாமல் கம்ப்ரஸர் சும்மா சுற்றுகிறது. குளிர் குறைவு, ஆனால் கரண்டு அதிகம் என்றால் சந்தேகம் வேறு பக்கம் போகும்: அவுட்டோர் காயிலில் (சூட்டை வெளியேற்றும் குழாய்-தகடு அடுக்கில்) அழுக்கு, அவுட்டோர் ஃபேன் மந்தம்.

அவுட்டோர் வால்வுகளைத் தொட்டுப் பார்த்ததிலும் அதே கதை. நம் ஊர் ஸ்ப்ளிட் ஏசிகளில் பெரும்பாலும் கேபிலரி (கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் நுண்குழாய்) அவுட்டோருக்குள்ளேயே இருப்பதால், இன்டோருக்குப் போகும் மெல்லிய குழாய், அங்கிருந்து திரும்பும் தடித்த குழாய் இரண்டுமே ஜில்லென்று இருக்க வேண்டும்; தடித்ததில் வியர்வை வழிய வேண்டும். இங்கே மெல்லிய குழாயில் வெள்ளையாக ஐஸ் கட்டியிருந்தது, தடித்தது காய்ந்து கிடந்தது. கேஸ் குறைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். தடித்த குழாயிலும் கம்ப்ரஸர் வரை ஐஸ் இருந்திருந்தால் ஃபில்டரையும் இன்டோர் ஃபேனையும் பார்க்கச் சொல்லலாம்.

"கேஸ் மட்டும் அடிச்சா போதும் சார்" என்றார் விற்பவர். கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்ந்துபோக? மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை. எங்கே என்பதுதான் கேள்வி.

19 ஜனவரி 2025, ஞாயிறு

பொங்கல் முடிந்து இரண்டாம் முறை. பெரிய அறையில் இன்று 29.1, 18.0. வித்தியாசம் 11.1. கரண்டு 7.3. நடுவில் கேஸ் அடித்திருக்கிறார்கள். சர்வீஸ் வால்வின் பித்தளை மூடியில் புதுக் கீறல் பளபளக்கிறது. குற்றமில்லை. ஆனால் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடித்தது எவ்வளவு நாள் நிற்கிறது என்பதுதான் ஓட்டையின் அளவு.

இந்த எந்திரத்தின் பழைய கேஸைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்-22 நிரப்பிப் புதிய ஏசி செய்வதை இந்தியா 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டது. பழையதற்கு அடிக்க இன்னும் கிடைக்கிறது, வருடா வருடம் குறையும். 'ஆர்-22 இல்லை, ஆர்-32 அடித்துத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடலாம். அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல், எண்ணெய் வேறு, தீப்பிடிக்கும் தன்மை வேறு.

சோப்பு நுரை வைத்துப் பார்த்தது: அவுட்டோர் ஃப்ளேர் நட் (குழாயை இணைக்கும் நட்) இரண்டும், இன்டோர் பின்புற நட் இரண்டும், வால்வு நுனி. எங்கும் குமிழி இல்லை, எண்ணெய்க் கறையும் இல்லை. கேஸோடு எண்ணெயும் கசியும் என்பதால் தூசி ஒட்டிய கரும்பிசுக்கு தெரிந்தால் அதுவே ஓட்டையின் முகவரி. காயில் பக்கமும் சுத்தம். கடலோரத்தில் அவுட்டோர் காயிலின் மெல்லிய தகடுகள் விரல் பட்டால் மாவாக உதிரும். இதில் ஓரங்கள் மட்டும் அரித்திருக்கின்றன. மிஞ்சுவது சுவருக்குள் போகும் ஒன்பது மீட்டர் குழாய்.

சின்ன அறை. மூடியைக் கழற்றியபோது அவுட்டோரின் மின்னணுப் போர்டில் (பிசிபி) ஒரு பல்லி கருகிக் கிடந்தது. இன்வெர்ட்டர் போர்டின் சூட்டுக்கு வந்து ஒண்டி, இரண்டு முனைகளுக்குப் பாலமாகி, தானும் செத்துப் போர்டையும் சாகடிப்பது இங்கே வழக்கமான வியாதிதான். ஆனால் இந்தப் போர்டு இன்னும் சாகவில்லை. ஆறு நிமிடம் ஓடத்தான் செய்கிறது. நிற்பதற்குக் காரணம் பல்லி அல்ல.

அவுட்டோர் வைத்திருப்பது குளியலறைக் குழாய்கள் இறங்கும் குறுகிய டக்டுக்குள். அதே டக்டில் கீழ் வீடுகளின் இரண்டு அவுட்டோர்கள். தெருவில் 30 டிகிரி. டக்டுக்குள், இந்த அவுட்டோர் காற்றை இழுக்கும் பின்பக்கத்தில், மூன்றும் ஓடும்போது அளந்தால் 43. எதிர்ச் சுவர் இரண்டடிக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால், துப்பிய சூட்டையே திரும்பக் குடிக்கிறது. ஜனவரியிலேயே 43 என்றால் கத்திரியில் யோசிக்க வேண்டாம். கம்ப்ரஸர் சூடேறி, போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிறுத்துகிறது. புது ஏசி மாட்டினாலும் இதே சூட்டில்தான் ஓட வேண்டியிருக்கும். எந்திரத்தை மாற்றலாம், டக்டை மாற்ற முடியாது. அவுட்டோரைப் பால்கனிப் பக்கம் கொண்டுபோகச் சங்கத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்க வேண்டிய காகிதம் இது.

1 பிப்ரவரி 2025, சனி

இன்று மின்சாரம் மட்டும்.

பெரிய அறையின் 16 ஆம்பியர் சாக்கெட் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பேறியிருக்கிறது. ஏசி ஓடும்போது டிபியில் (வீட்டின் மின் பங்கீட்டுப் பெட்டியில்) 226 வோல்ட், சாக்கெட்டில் 218. எட்டு வோல்ட் எங்கே போயிற்று? பதினைந்து மீட்டர் ஓடும் 2.5 சதுர மி.மீ. செப்பு ஒயரில், ஏழரை ஆம்பியருக்கு இரண்டு வோல்ட் வரை குறைந்தால் நியாயம். மீதி ஆறும் ஏதோ தளர்ந்த இணைப்பில் சூடாகிக்கொண்டிருக்கிறது. முதல் சந்தேகம் சாக்கெட், அடுத்தது நடுவில் இருக்கும் ஜங்ஷன் பெட்டி.

இதைவிட மோசம் டிபியில். அடிக்கடி டிரிப் ஆகிறதென்று யாரோ, கரண்டு மிஞ்சினால் தானே விழும் சுவிட்சான 20 ஆம்பியர் எம்சிபியை எடுத்துவிட்டு 32 போட்டிருக்கிறார்கள். எம்சிபி காப்பாற்ற வேண்டியது ஒயரை. 2.5 ஒயருக்கு 32 போட்டால் எம்சிபி விழுவதற்கு முன் ஒயர் உருகும்.

டிரிப் ஆனதற்குக் காரணமும் கிடைத்தது. கம்ப்ரஸர் கிளம்பும்போது 'ம்ம்' என்று இரண்டு விநாடி முனகல், விளக்கு மங்கல். கம்ப்ரஸரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டரில் 45 எம்எஃப்டி (மைக்ரோஃபேரட்) என்று அச்சு. கழற்றி அளந்தால் 34. ஆறு சதவீதம் வரை குறையலாம், இது கால்வாசி போய்விட்டது. சில நூறு ரூபாய்ப் பொருள். அளக்கும் முன் முனைகளை ஒரு மின்தடையம் (ரெசிஸ்டர்) வைத்து டிஸ்சார்ஜ் செய்யாமல் விரல் வைக்கக் கூடாது.

இபி அட்டையில் இருக்கும் அனுமதிச் சுமையையும் பார்க்க வேண்டும். இங்கே 3 கிலோவாட். மூன்று ஏசி, கீசர், கிரைண்டர் எல்லாம் சேர்ந்தால் பற்றாது. சுமையை உயர்த்துவதற்கான கட்டணம் வாங்குபவர் தலையில் விழும்.

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

மூன்று வாரம். பெரிய அறை: 29.4, 21.6. வித்தியாசம் 7.8, கரண்டு 5.8. விற்பவர் சம்மதத்தோடு, அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டியதில், கம்ப்ரஸர் கேஸை இழுக்கும் பக்கமான சக்‌ஷன் 46 பிஎஸ்ஐ. ஆர்-22 ஓடும்போது 60-க்கும் 70-க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஹால் ஏசிக்குக் கேஜ் மாட்டவில்லை. நன்றாக ஓடும் ஆர்-32 எந்திரத்தில் தேவையில்லாமல் மாட்டிக் கழற்றினால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கேஸ் போகும்.

பம்ப் டவுன் செய்து கேஸை அவுட்டோரில் பூட்டியாயிற்று: மெல்லிய குழாய் வால்வை மூடி ஓட்டி, கேஜ் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது தடித்ததையும் மூடி உடனே நிறுத்துவது. பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கவிட்டால் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே வரும். காற்றையும் எண்ணெயையும் சேர்த்து அமுக்கினால் கம்ப்ரஸர் வெடிக்கலாம்.

அடுத்த வார இறுதியில் குழாயில் நைட்ரஜன் அடித்து ஓட்டைச் சோதனை.

15, 16 பிப்ரவரி 2025

குழாய்களின் இரு முனைகளையும் எந்திரத்திலிருந்து கழற்றி அடைத்து, இரண்டு குழாய்க்கும் தனித்தனிக் கேஜ் வைத்து, 400 பிஎஸ்ஐ நைட்ரஜன். ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரை நேராக மாட்டக் கூடாது. ஆக்சிஜன் கூடவே கூடாது. எண்ணெய் பட்டால் வெடிக்கும். நைட்ரஜனுக்குப் பதில் ஏசியின் கம்ப்ரஸரையே ஓட்டிக் காற்றடித்துச் சோதிக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் வேலை செய்யும் வீட்டில் நிற்காமல் இருப்பது நல்லது.

சனி மாலை 6 மணி, 30 டிகிரி: இரண்டும் 400.
ஞாயிறு காலை 6 மணி, 24 டிகிரி: மெல்லியது 392. தடித்தது 351.

மெல்லிய குழாயில் குறைந்த எட்டு, ஓட்டை அல்ல. ஆறு டிகிரி குளிர்ந்தால் 400 தானாகவே 392-க்கு வரும். இந்தக் கணக்கு தெரியாமல் நல்ல குழாயைக் கெட்டது என்பவர்களும் உண்டு, கெட்டதைப் பார்த்து 'குளிர்ல இறங்கியிருக்கும் சார்' என்பவர்களும் உண்டு. தடித்ததில் மிச்சம் போன நாற்பத்தொன்றுக்குக் குளிர் பொறுப்பேற்காது. அது சுவருக்குள் ஓட்டை.

சுவரை உடைத்துத் தேடுவது வீண். பழைய குழாயை அப்படியே புதைத்து மறந்துவிட்டு, புதிய ஜோடியைச் சுவருக்கு வெளியே கேசிங் போட்டு இழுக்க வேண்டும். பழைய ஆர்-22 எண்ணெய் ஊறிய குழாயில் புது ஆர்-32 எந்திரத்தை மாட்டும் தலைவலியும் இதோடு தீரும்.

ஏசித் தண்ணீர் வடியும் டிரெயினையும் இன்றே பார்த்தாயிற்று. இன்டோர் தட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் மெதுவாக ஊற்றினால், வெளி முனையில் நிற்காமல் வர வேண்டும். ஹாலில் வந்தது. பெரிய அறையில் முக்கால் லிட்டர் வந்து நின்றது. குழாய் நடுவில் தொய்ந்திருக்கிறது. இன்டோருக்குக் கீழே புதுப் பெயின்ட் ஒரு சதுரமாகத் தனித்துத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

2 மார்ச் 2025, ஞாயிறு

பேரத்துக்கான கணக்கு. 2013 எந்திரத்துக்கு மதிப்பு பூஜ்ஜியம். அதற்குப் பதில் புது ஏசி கேட்டு மல்லுக்கு நிற்பது வீண். பன்னிரண்டு வயது ஏசி எப்படியும் போக வேண்டியதுதான். விலையில் குறைக்கச் சொல்ல வேண்டியவை கட்டடத்தின் குறைகள்: ஒன்பது மீட்டர் புதிய குழாய், புது டிரெயின், டிபியிலிருந்து 4 சதுர மி.மீ. ஒயர், 20 ஆம்பியர் எம்சிபி, சின்ன அறை அவுட்டோரை இடம் மாற்றும் செலவு. ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் மதிப்பீடு வாங்கிக் கொடுத்ததும் விற்பவர் பாதிக்கு மேல் ஒப்புக்கொண்டார். 'ஏசி சரியில்லை' என்று வாயால் சொன்னால் கேஸ் அடித்துத் தருவதோடு பேச்சு முடிந்திருக்கும்.

கிரய ஒப்பந்தத்தில் 'ஏசிகள் உட்பட' என்று மட்டும் எழுதினால் பதிவு நாளில் வேறு பெட்டி தொங்கலாம். ஹால் ஏசியின் இன்டோர், அவுட்டோர் வரிசை எண்கள் இரண்டையும் சேர்த்தாயிற்று. வாங்கிய ரசீதும் கைக்கு வந்தது. கம்ப்ரஸர் வாரண்டி பத்து வருடம் என்று அட்டையில் இருந்தாலும் ரசீதுத் தேதியிலிருந்துதான் கணக்கு. சின்ன அறை ஏசியின் ரசீதைத் தேடுகிறார்கள். சங்கத்தின் அனுமதிக் கடிதம் வந்துவிட்டது, பால்கனியின் வடக்கு ஓரம் மட்டும்.

ஹால், மதியம் இரண்டு மணி, தெருவில் 32 டிகிரி: உள்ளே போகும் காற்று 30.3, வெளியே வருவது 18.1. டிரெயின் முனையில் வைத்த வாளியில் ஒரு மணி நேரத்தில் ஒன்றேகால் லிட்டர். பதிவுக்கு முந்தின நாள் இதே அளவை இன்னொரு தடவை எடுக்க வேண்டும், ரிமோட் மூன்றையும் எண்ணி வாங்க வேண்டும்.