மாரிக்க விறாந்தையில பூக்கண்டு போடுவம்

குளிர்நாட்டில இருக்கிற எங்கட சொந்தக்காரர் கன பேர் ஒக்டோபர் வந்தா விதையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள்ள போயிடுவினம், லண்டனில ஸ்வீட் பீ எண்ட பூக்கண்டின்ர விதையை இந்த நேரம் சாடியில போட்டு பனிக்காலம் முழுக்க உள்ளுக்க காப்பாத்தி பேந்துதான் வெளியில நடுவினம். எங்களுக்குக் குளிர் பிரச்சினை இல்லை, மழைதான் பிரச்சினை. யாழ்ப்பாணத்துக்கு வருஷம் முழுக்கப் பெய்யிற மழையில பெரும்பங்கு ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பருக்குள்ள கொட்டித் தீர்ந்திடும், வெளியில தூவின விதை கழுவுப்பட்டுப் போகும், முளைச்ச குஞ்சுக் கண்டும் துளி விழுந்து சரிஞ்சிடும்.

அதால கன பேர் மாரி முடியட்டும், தையில பாப்பம் எண்டு விடுகினம். எனக்கு அதில துளியும் உடன்பாடில்லை. தையில போட்டா பூக்கிற நேரம் பங்குனி வெயில் வந்து நிக்கும். ஐப்பசியில உள்ளுக்க போட்டா மேரிகோல்ட், சீனியா எல்லாம் கிட்டத்தட்ட ரெண்டு மாசத்தில பூக்கத் தொடங்கும், திருவெம்பாவைக்கு விடியக் கோயிலுக்குக் கொண்டுபோகவும் பூ இருக்கும், பொங்கலுக்கு முத்தமும் வடிவா இருக்கும்.

இடம்தான் முக்கியம். மாரி மழையும் காத்தும் வடகிழக்கில இருந்து வாறது, சூரியன் அந்த மாசங்களில தெற்குப் பக்கமாச் சாய்ஞ்சு போகும், அப்ப தெற்கு பாத்த விறாந்தை இருந்தா அதைவிட நல்ல இடம் தேவையில்லை, தூவானமும் அடிக்காது வெயிலும் விழும். அறைக்குள்ள யன்னலடியில வைச்சா கண்டு வெளிச்சம் தேடி நெடுநெடுவெண்டு மெலிஞ்சு வளரும், பேந்து அதை நிமித்தேலாது. மூடின வானம் நாலைஞ்சு நாள் இழுத்தா நான் எல்ஈடி லைட் ஒண்டை ஒரு சாண் உயரத்தில கட்டி விடுறனான்.

சாடிக்கு யோகட் கப் காணும், அடியில ஓட்டை போடுங்கோ. தும்புச்சோறை, அதுதான் தேங்காய் மட்டையில தும்பு எடுக்கேக்க மிஞ்சிற தூளை, நல்ல தண்ணியில ரெண்டு மூண்டுதரம் அலசி உப்பைப் போக்கி, அரிச்ச பழைய மாட்டெருவும் கொஞ்ச மணலும் கலந்து, கொதிதண்ணி ஊத்தி ஆறவிட்டுப் போட்டு விதையுங்கோ. வெறும் செம்மண் வேண்டாம், காய்ஞ்சா இறுகிடும்.

விதைக்கு விதை குணம் வேற. பெட்டூனியா தூசு மாதிரி, அதுக்கு மேல மண் போடவே கூடாது, வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும். பட்டிப்பூவுக்கு நேரெதிர், முளைக்கிறவரைக்கும் இருட்டு வேணும், மேல மண் மூடி ஒரு பேப்பரும் போட்டு விடுங்கோ. மேரிகோல்ட், சீனியா, காசித்தும்பை எல்லாத்துக்கும் மெல்லிசா மண் மூடினாக் காணும், எங்கட வெக்கைக்கு மேரிகோல்ட் ஒரு கிழமைக்குள்ள தலைகாட்டும், குளிர்நாட்டு ஆக்கள் இதுக்கெண்டே சூடாக்கிற பாய் வாங்கி அடியில விரிக்கினம்.

முளைச்சாப் பிறகு பயப்பட வேண்டியது நாத்தழுகல். பின்னேரம் நிமிந்து நிண்ட கண்டு விடியப் பாத்தா தண்டடி கறுத்து நூலா மெலிஞ்சு விழுந்து கிடக்கும், பித்தியம் எண்ட, பங்கசு மாதிரியான கிருமியளைப் போலதுகள்தான் காரணம், மாரியில காத்தில ஏற்கனவே ஈரலிப்புக் கூட, அதோட நாங்களும் ரெண்டு நேரம் தண்ணி ஊத்தினா அது பரவாமல் என்ன செய்யும். மேல்மண் லேசாக் காய்ஞ்சாப் பிறகு காலமையில கப்பைத் தண்ணித் தட்டில கொஞ்ச நேரம் வைச்சு அடியால உறிஞ்ச விடுங்கோ. விதையை நெருக்கிப் போடாதேங்கோ, காத்து ஓடோணும். ஈரம் காயாமல் கப்பைச் சொப்பின் பையால மூடியிருந்தா, முளை கண்டவுடன அதைக் கழட்டிடுங்கோ.

முதல் விரியிற விதையிலையை விட்டு, நாலு உண்மையான இலை வந்தாப் பிறகு மழை விட்ட ஒரு பின்னேரம் பாத்து நடலாம், அதுக்கு முதல் ஒரு கிழமை முத்தத்து வெயிலுக்குப் பழக்குங்கோ. மண்ணை மேடாக்கி நட்டாத்தான் வேரடியில தண்ணி நிக்காது.

கோழிக்கொண்டையில இப்ப கடைப் பைக்கற்றில கிடைக்கிறது முழுக்கக் கட்டைச் சாதி. முந்திக் கிணத்தடியளில இடுப்பளவு உயரத்தில கடும் சிவப்பாப் பூக்குமே, அந்த விதை ஆரிட்டையும் இருந்தாச் சொல்லுங்கோ, என்னட்ட இருக்கிற பட்டிப்பூ விதை தாறன்.